கராதாஷ் மைதானத்தின் கடைசி மூலை

கராதாஷ் கால்பந்துச் சம்மேளனத்துக்கு முகம்பெத் தலைவரான நாளில், அவர் நடந்த கம்பளத்தில் கணுக்கால் உயரத்துக்குப் புல் முளைத்தது. உண்மையில் அவர் வேட்பாளரே அல்லர். விருந்துக்கு வெட்டவிருந்த குதிரையைச் சோதிக்க வந்த கால்நடை மருத்துவர். வாக்குகளை எண்ணி முடிக்குமுன்பே, பார்வை மங்கிய ஊர்ப் பெரியவர் சபரலி அவரை வென்றவரென்று நினைத்து உள்ளங்கைகளை விரித்தார். "ஒன் காலு பட்ட எடமெல்லாம் புல்லு மொளைக்கட்டும், மகனே!" கூடியிருந்தோர் அப்படியே ஆகட்டும் என்ற பொருளில் 'ஓமின்' சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். முகம் தடவி ஏற்ற வாழ்த்தைத் திரும்பப் பெறும் வழக்கம் கிர்கிஸ் மலைகளில் இல்லை. போட்டியிட்ட வேட்பாளர்கள் இருவரும் விலகிக்கொண்டனர்.

பதினொரு ஆண்டுகள் கழிந்தன. கல்லும் பனியும் தவிர வேறெதுவும் விளையாத அந்தப் பள்ளத்தாக்கில், அவருடைய அலுவலகத்தில் மட்டும் ஆண்டுக்கு இருமுறை புல் அறுத்தார்கள். வீட்டு வாசலில் மனைவி உல்கான் மறித்து நிற்பாள். "ஏங்க தலைவரே, ஆடெல்லாம் அடுப்பங்கரையில வந்து மேயுது. உள்ள வரணும்னா முட்டி போட்டு வாங்க!"

பன்னிரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து ஆணை வந்தது: வசந்தத்துக்குள் முழுப் புல்தரை அமையாவிட்டால் கராதாஷ் அணி போட்டிகளிலிருந்து நீக்கப்படும். சொந்த மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத அணி அது. முகம்பெத் சரளை மைதானத்தில் இறங்கி அடிமேல் அடி வைத்து நடந்தார். பனியைத் துளைத்துக்கொண்டு பச்சை எழுந்தது. ஆனால் இம்முறை ஒவ்வோர் அடிக்கும் அவருடைய உடல் ஓர் இறகளவு எடை இழந்தது. மார்ச் மாதத்தில், காற்றடித்தால் கோல் கம்பத்தைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி மூலையை அடைந்தபோது பாதம் தரையில் படவில்லை. படாத இடத்தில் புல் முளைக்கவுமில்லை. மறுநாள் பரிசோதகர்கள் வரவிருந்தனர்.

"கல்லக் கட்டிக்கிட்டு நடக்கலாமே?" என்றபடி உல்கான் வந்தாள்.

"கட்டிப் பாத்துட்டேன். புல்லு ஏமாற மாட்டேங்குது."

"முப்பது வருசமா உங்க தலைமேலதான ஏறி ஒக்காந்திருக்கேன். இன்னிக்குத் தோள்ல ஒக்காந்துக்கறேன், நடங்க."

அவள் ஏறி அமர்ந்ததும் அவருடைய பாதங்கள் மண்ணில் பதிந்தன. கூரைகளில் நின்று பார்த்தவர்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். குதிரைகள்கூட மெல்வதை நிறுத்தின. அந்த நிசப்தத்தில் புல் முளைக்கும் ஓசை அனைவருக்கும் கேட்டது. மூலை நிறைந்தபின் அவள் இறங்கினாள். அவர் மெல்ல உயர்ந்து, கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு நிகராக நின்றுவிட்டார்.

பரிசோதகர்கள் ஒப்புதல் முத்திரையிட்டுச் சென்றனர். அதன்பின் நான்கு தேர்தல்களிலும் முகம்பெத் போட்டியின்றி வென்றார். ஆட்ட நாள்களில் நடுவட்டத்துக்கு மேலே அவர் மிதக்க, இடுப்பில் கட்டிய குதிரைமயிர்க் கயிற்றின் நுனியை எல்லைக்கோட்டருகே உல்கான் பிடித்துக்கொள்வாள். சம்மேளன விதிகளில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: பந்து தலைவர்மீது பட்டால், ஆட்டம் நிற்காது.