மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை

கால்பந்து கிளப்பின் மைதானத்தில், அதன் ரசிகரான எலக்ட்ரீஷியனுக்குப் புரியவில்லை. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் ஓடியது, ஆனால் குழாயில் காற்றுதான் வந்தது. புல் காய்ந்து தரை வெடித்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ரத்தாகிவிடும்.

"மச்சான், நம்ம கிளப் முதலாளியோட சோப்பு ஃபேக்டரிக்கு பேங்க்காரங்க சீல் வச்சுட்டாங்க," என்றார் கூட வந்திருந்த இன்னொரு ரசிகரான தையல்காரர்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இங்க இருந்த கிணத்துக்கு மூடி போட்டு அது மேலதானே அவன் கார் நிறுத்துறான்? அன்னிக்கிலேருந்து ஃபேக்டரித் தொட்டியிலேருந்துதான் தண்ணி. இப்ப அங்க வால்வை மூடிட்டாங்க."

"த்தூ! அவன் மூழ்கினா நாமளும் மூழ்கணுமா?"

"மூழ்கத்தான் தண்ணி இல்லையே, மச்சான்."

கார் இல்லாமல் காலியாகக் கிடந்த இடத்தில் இருவரும் கடப்பாரையால் கிணற்றின் மூடியை நெம்பித் தள்ளி, மோட்டாரின் உறிஞ்சு குழாயை உள்ளே இறக்கினார்கள். குழாய் நிரம்பத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றியதும், கிணற்றுநீர் ஏறிப் புல்லில் பாய்ந்தது.