ஐம்பத்தெட்டாம் எண்

நந்தினி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே விக்டோரியா பார்த்துவிட்டாள். தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்திருந்த குடத்தைக் காலால் முன்னே தள்ளிக்கொண்டே சத்தமாகக் கேட்டாள்.

"இன்னா டாக்டரம்மா, எங்க பசங்க ரத்தத்த வித்துத் துன்னுட்டீங்களா? ஆறு மாசம் ஆச்சு. ஒரு சீட்டையும் காணோம்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நந்தினி டாக்டர் இல்லை. பொதட்டூர்பேட்டைக்காரி. உயிர்வேதியியல் படித்துவிட்டு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்தத்தில் களப்பணி செய்கிறாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையை ஒட்டியிருக்கிறது இந்தக் காலனி. இங்குள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. வீட்டுக்கு ஒரு பிள்ளை, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

இந்தப் பக்கத்தில் ரத்தம் கொடுத்தால் முடிவு எழுதிய சீட்டு வந்தாக வேண்டும். சுகருக்குக் கொடுத்தாலும் டெங்குவுக்குக் கொடுத்தாலும் அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைப்பார்கள். சம்மதப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் 'தனிநபர் முடிவுகள் தெரிவிக்கப்பட மாட்டாது' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் எழுதியதே நந்தினிதான். முதல் இரண்டு வீடுகளில் அந்த வரியை வாசித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மூன்றாம் வீட்டிலிருந்து அவள் அதை வாசிக்கவில்லை. யாராவது கேட்டால் "வரும்க்கா" என்றாள். வேலை சீக்கிரம் முடிந்ததற்கு, ஆய்வை நடத்தும் பார்த்திபன் சார் பாராட்டினார்.

முடிவுகள் போன வாரம் வந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும். டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு நேராக நாற்பத்தேழு என்று இருந்தது. எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் சாருடைய அலமாரியில் பூட்டியிருந்தது. நந்தினிக்கு அது தேவைப்படவில்லை. ஐம்பத்தெட்டு, விக்டோரியாவின் சின்ன மகள் ஷைனி. ஏழு வயது, வருஷம் முழுக்க மூச்சிளைப்பு. படிவம் எழுதிய அன்று, சீட்டு எப்போது வரும் என்று விக்டோரியா மூன்று தடவை கேட்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதும்மா," என்றார் சார். "நெறிமுறைக் குழுவுக்கு அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கோம். சொன்னா வைத்தியம் யார் பாக்கறது? அதுக்கு நாம நிதியே கேக்கல. அறிக்கை போகட்டும். ஆலைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்கற விதியே மாறலாம்."

"எப்ப சார் மாறும்?"

"ரெண்டு வருஷம். மூணு ஆகலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நாப்பத்தேழு எனக்கும் தூக்கத்துல வருது, நந்தினி."

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. கிளம்பி வந்துவிட்டாள்.

விக்டோரியாவின் ஒற்றை அறையில் உட்கார்ந்து, வாங்கி வைத்த தண்ணீரைக் குடிக்காமலே சொன்னாள். "நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும்க்கா. ஷைனி ரத்தத்துல ஈயம் ரொம்ப ஜாஸ்தியா, நாப்பத்தேழு இருக்கு. உடனே சென்னைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

விக்டோரியா அழுவாள் என்று நினைத்தாள். கத்தினால் என்ன பதில் சொல்வது என்றும் ஆட்டோவில் யோசித்து வைத்திருந்தாள். விக்டோரியா இரண்டையும் செய்யவில்லை.

"அது ஷைனி ரத்தம் இல்லியே," என்றாள்.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"அன்னிக்கு அதுக்கு ஜுரம். ஏற்கெனவே ஈர்க்குச்சியாட்டம் கீது, அதுல எங்கேந்து ரத்தம் எடுக்கறது? பெரிசு நல்லா கும்முனு கீதேன்னு ஷைனியோட ஆதார் நகல மெர்சி கையில குடுத்து அனுப்பிட்டேன். அக்கா தங்கச்சிதான, ஒரே ரத்தம்தானன்னு..."

நந்தினிக்கு அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது முகம் சுளிக்காமல், பெயர் கேட்டதும் "ஷைனி!" என்று கத்திச் சொல்லிவிட்டு, இரண்டு பிஸ்கட் கேட்டவள். ஒன்பது வயது. இருமாதவள்.

"மெர்சிக்கு ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா. நல்லாத்தான் துன்னுது. வாய்ப்பாடுதான் மறந்து மறந்து போவுதுன்னு மிஸ்ஸு சொன்னாங்க. சோம்பேறின்னு ரெண்டு போட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ சின்னதுக்கு எவ்ளோ?"

"தெரியாதுக்கா. எடுக்கலியே."

"இப்ப எடு."

"முடிஞ்சிடுச்சுக்கா. மறுபடி எடுக்க அனுமதி இல்ல."

"அப்போ அந்த நாப்பத்தேழையாவது ஒரு சீட்டுல எழுதிக் குடு. ஆஸ்பத்திரியில காட்டணும்ல?"

சீட்டு கொடுக்க நந்தினியால் முடியாது. கொடுத்தாலும் அதில் ஷைனியின் பெயர்தான் இருக்கும். பிள்ளை மாறிய விஷயத்தைச் சாரிடம் சொன்னால் ஐம்பத்தெட்டை ஆய்விலிருந்து அடித்துவிடுவார்கள். விதியை மாற்றப் போகிற அறிக்கையில் இருந்த மிகப் பெரிய அளவு இல்லாமல் போகும். சொல்லாவிட்டால், மெர்சி எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டாள்.

"எட்வர்டண்ணன் கிட்ட சொல்லி..." என்று விக்டோரியாவின் கணவனைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அவரு அங்கதான வேல பாக்கறாரு. உருக்கற எடத்துல. ஆஸ்பத்திரியில கம்பெனி பேரு கேட்டா இன்னான்னு சொல்றது? போன வருசம் கூட வேல பாத்த சாம்சன் சொன்னான். அடுத்த நாளே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுட்டானுங்க."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. மெர்சி புத்தகப் பையை மூலையில் வீசினாள். நந்தினியைப் பார்த்து, தெரிந்தவளைப் பார்த்ததுபோல் சிரித்தாள். பழக்கத்தில் கை நேராகச் சுவர் ஆணிக்குப் போயிற்று. அதில் அப்பாவின் வேலைச் சட்டை தொங்கியது, சாம்பலேறி விறைத்துப்போய். தூசி ஷைனிக்கு ஆகாது என்று அந்தச் சட்டையைத் துவைப்பது எப்போதும் மெர்சியின் வேலை. வாசல்படியில் நின்று, தோள்களைப் பிடித்து, சட்டையை ஓங்கி இரண்டு முறை உதறினாள். சாயங்கால வெயிலில் மெல்லிய புகைபோல ஏதோ கிளம்பி அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

விக்டோரியா எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. சட்டையைப் பிடுங்கினாள்.

"இன்னும் ஊறவே வெக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்குத் திட்ற?" என்றாள் மெர்சி.

விக்டோரியா எதுவும் திட்டியிருக்கவில்லை. எட்வர்டுக்கு இருந்ததே இரண்டு சட்டை. நாளை காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு இது வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்த ஷைனி, இளைத்துக்கொண்டே அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். விக்டோரியா சட்டையைத் தலைக்கு மேல், கை எட்டுகிற வரைக்கும் உயர்த்திப் பிடித்து, அதை எங்கே வைப்பது என்று அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.