வளைந்த கிடங்கு

கயிறு நேராகத்தான் கட்டியிருந்தது. கிடங்குதான் வளைந்துவிட்டது.

மருதமுனையிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்திய கட்டட மேசன் மர்சூக், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெரியகல்லாற்றில் பிள்ளைப்பேற்று விடுதி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கழிவுநீர் பின்வளவுக் குழிக்குப் போக, மண்குழாய் புதைக்க வேண்டும். அதற்காக வெட்டிய நெஞ்சளவு ஆழக் கிடங்கு பாதித் தூரம் ஒழுங்காக ஓடி, தென்னையடியில் திடீரென்று வலப்பக்கம் திரும்பி, படிகளோடு மேலேறி முடிந்திருந்தது.

"இதென்ன கண்ணகை? ஷெல்லடிச்சா ஒளிக்கப்போறது நாமளா, குழாயா?"

கண்ணகை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "கை தன்பாட்டில திரும்பிட்டு மர்சூக் காக்கா. இவ்வளவு காலத்தில வளைக்காம ஒரு குழி வெட்டியிருக்கமா?"

அவளோடு வெட்டிய கோணாமலை, "எனக்கும் விளங்கல்ல. படி நல்லா வந்திருக்கெண்டு சந்தோசப்பட்டன்" என்றான்.

பங்கர் என்றால் வாசலில் ஒரு வளைவு வேண்டும். அப்போதுதான் ஷெல் துண்டு நேரே உள்ளே பறந்துவராது. ஊரில் எல்லாக் கைகளுக்கும் அது பழகிப்போயிருந்தது. தொண்ணூற்றைந்தின் அந்தப் பங்குனியில் சண்டை நின்றிருந்ததால், இதைச் சொல்லிச் சிரிக்கவும் முடிந்தது.

"சரி, நேரா வெட்டுங்க. இந்த வளைவ மூடிருங்க."

"மூட வேணாம்!" என்றாள் மண் சுமந்துகொண்டிருந்த சீதேவிப்பிள்ளை.

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது அவளுக்கே கேட்டது. "இறங்க ஏற லேசாயிரிக்கும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

குழாய் வைக்கும் வேலையை மர்சூக்கிடம் அவளாகத்தான் கேட்டு வாங்கியிருந்தாள். மண் சுமந்து சுமந்து கழுத்து நொந்தது ஒரு காரணம். ஒரு குழாயின் வாய்க்குள் இன்னொன்று போய்ப் பொருந்துவதைப் பார்க்கும்போது மனதுக்குள் ஏதோ தானும் பொருந்துவதுபோலிருந்தது இன்னொரு காரணம். அதை யாரிடமும் சொல்லவில்லை. பங்கருக்குள் கிடந்த ஒரு மழைநாளில் கூரை மண் பொலபொலவென்று தலையில் சொரிந்ததிலிருந்து, முழங்காலுக்கு மேல் ஆழமான எதற்குள்ளும் தான் இறங்கியதில்லை என்பதையும் சொல்லவில்லை. வேலையைக் கேட்கும்போது அந்த நினைப்பே வரவில்லை. ஆசைக்கு மறதி அதிகம்.

மறுநாள் கிடங்கு நேராகிவிட்டது. வளைவும் படியும் ஓரமாக அப்படியே இருந்தன. சீதேவிப்பிள்ளை மேலே நின்றே வேலை செய்தாள். ஒவ்வொரு குழாயையும் தட்டிப் பார்த்தாள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் வெடிப்பு. தட்டியதையே திரும்பவும் தட்டினாள். வெட்டிய மண் விளிம்பில் குவிந்து கிடக்கிறது, தள்ளிப் போடுங்கள் என்றாள். மணல் நிலம், இரண்டு பக்கமும் பலகை வைத்துக் குறுக்கே கம்பு இறுக்குங்கள் என்றாள்.

"குழாய் வைக்கப்போறியா தங்கச்சி, மாப்பிள பாக்கப்போறியா?" என்றார் மர்சூக். ஆனாலும் பலகை வந்தது.

"ஏலாட்டிச் சொல்லு மச்சாள், நான் இறங்குறன்" என்றான் கோணாமலை. அவனுக்கும் அந்த வேலையில் ஒரு கண்.

அதுதான் அவளை இறக்கியது. சேலையைச் செருகிக்கொண்டு, கண்ணகை வெட்டிய படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்தாள். ஈர மண்ணின் வாசம் முகத்தில் அடித்தது. நெஞ்சு படபடத்தது. அண்ணாந்து பார்த்தாள். ஆகாயம் இருந்தது. வாவிப் பக்கமிருந்து வந்த கொக்கு ஒன்று குறுக்கே பறந்தது.

கழிவுநீர்க் குழிப் பக்கத்திலிருந்து தொடங்கினாள். அகன்ற வாய் மேட்டைப் பார்க்க ஒரு குழாய். அதற்குள் அடுத்ததன் நுனி. இடுக்கில் தார்க்கயிறு, மேலே சீமெந்து. பங்கருக்குள் கைகளுக்கு வேலை இருக்கவில்லை, அதுதான் பயத்தை ஊட்டி வளர்த்தது என்று குந்தியிருந்தபடி நினைத்தாள். இங்கே கைகள் பயத்துக்கு நேரம் கொடுக்கவில்லை. தென்னையடிக்கு வந்தபோது தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

மேலே கோணாமலைக்குக் கிடங்கின் அடுத்த துண்டுக்குப் பலகை தேவைப்பட்டது. அவள் கடந்துவிட்டாள் என்று நினைத்து, அவளுக்குப் பக்கத்துப் பலகையையே உருவினான்.

"சீதேவி!" என்று கத்தினாள் கண்ணகை.

கிடங்கின் மண்சுவர் சத்தமில்லாமல் சரிந்தது. சீதேவிப்பிள்ளை யோசிக்கவில்லை. கால்கள் யோசித்தன. குனிந்தபடியே வளைவுக்குள் திரும்பி, படிகளில் பாய்ந்து ஏறி, தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குந்தியிருந்த இடத்தில் இடுப்பளவு மணல் கிடந்தது. கையில் தார்க்கயிறு அப்படியே இருந்தது.

"அல்லாஹ்வே" என்றார் மர்சூக். பிறகு கோணாமலையிடம் திரும்பினார். "ஆள் மேல வராம இனிப் பலகையில கை வெச்சா, உன்னயே நிறுத்திக் கம்பு இறுக்குவன்!"

கோணாமலையின் முகம் சாம்பலாகியிருந்தது. "மச்சாள், நான் வேணுமெண்டு..."

"தெரியும். மண்ண அள்ளு" என்றாள் அவள்.

மேலே நின்றே மணலை வாரினார்கள். பலகையைத் திரும்பவும் இறக்கிக் கம்பை இறுக்கினார்கள். சீதேவிப்பிள்ளை ஒவ்வொரு கம்பையும் கையால் ஆட்டிப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இப்போது மாட்டேன் என்றால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தும் கால் படியைத் தேடிப் போனது.

கீழே, கடைசியாக வைத்த குழாயைத் தட்டினாள். கணீரென்றது.

"நான் கோணலா வெட்டினதாலதான் நீ உசிரோட நிக்கிறாய். மறந்திராதகா!" என்றாள் கண்ணகை மேலிருந்து.

"வேலை முடியட்டும், உனக்கொரு பொன்னாடை போத்துறன்" என்று சீதேவிப்பிள்ளை கையை நீட்டினாள். "மறுகா பேசுவம். அடுத்த குழாயத் தா."