சிரிச்சுக் காட்டும்மா

அந்தப் பல் கிளினிக்கின் வாசல் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அதே பெண்தான் உள்ளே மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவளும். டாக்டருக்குத் தம்பி மனைவி. பின்னறையில் பல் செட்டும் உறையும் செய்யும் லேப் அவள் புருஷனுடையது. குடும்பம் மாடியில். விளம்பரத்துக்கு வெளியாள் எதற்கு என்று, கல்யாணமான புதிதில் அவளுடைய கோணல் முன்பற்களைச் சீவி, மெல்லிய பீங்கான் தகடு ஒட்டி, படம் பிடித்து மாட்டிவிட்டார்கள். அதற்குப் பெயர் வெனீர். செய்தது தம்பி, ஒட்டியது அண்ணன், சிரிக்க வேண்டியது மட்டும் அவள் பாடு.

வந்தவர் யாராவது வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று இழுத்தால் போதும், டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அவள் போனை வைத்துவிட்டுப் போய்ச் சிரித்துக் காட்டிவிட்டு வருவாள். துணிக்கடைப் பொம்மைக்குக்கூட அவ்வப்போது உடை மாற்றுகிறார்கள். இவளுக்கு வருஷக்கணக்காக அதே சிரிப்பு.

முன்பல் ஒன்றில் ஈறோரமாகக் கருப்புக் கோடு தெரிந்தபோது அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓரம் கறுத்தால் வாங்க, ஈறு இறங்கினால் வாங்க, விளிம்பு நாக்கில் தட்டினாலோ குளிர்ந்த தண்ணீர் சுரீரென்று கூசினாலோ தள்ளிப்போடாதீங்க, உள்ளே இருக்கிற பல்லே போய்விடும் என்று போனில் நாள் முழுக்க ஒப்பிப்பவள் அவள்தானே! தகடு போனால் இன்னொன்று ஒட்டலாம். அடியில் இருப்பது அவள் சொந்தப் பல்.

முதலில் டாக்டரிடம்தான் சொன்னாள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, அறையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார். காபிக் கறை என்றார். உன் பல் எனக்குத் தெரியாதா என்றும் கேட்டார். புருஷனிடம் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணனிடம் மறுபடி பேச்செடுக்காதே, தகட்டின் அளவு தப்பு என்று பழியை என் தலையில் கட்டிவிடுவார், நானாவது அவர் ஒட்டினதில்தான் கோளாறு என்று சொல்ல முடியுமா, ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று கெஞ்சினான். வேறு டாக்டரிடம் போகலாமென்றால் அதற்கும் வழியில்லை. வாசலில் மாட்டிய சிரிப்பே பக்கத்துத் தெருவில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா?

ஆக, மென்று விழுங்கினாள், அதுவும் வலது பக்கமாக மட்டும். மேலுதடு ஏறாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போதுதான் அடக்கமாகச் சிரிக்கிறாய் என்று டாக்டர் பாராட்டினார். பாராட்டாம் பாராட்டு! வெந்நீரும் வலிமாத்திரையுமாக அவள் பொழுது போயிற்று. மேசைக்கும் மாடிக்கும் நடுவே, போகுமிடமெல்லாம் அந்த அண்ணனும் தம்பியும்தான் இருந்தார்கள்.

அப்போதுதான் வெனீர் ஒட்டிக்கொள்ள ஒரு டீச்சரம்மா வந்தார். நாற்காலியில் சாய்ந்த பிறகும் கேள்வி ஓயவில்லை. ஒட்டுவது இருக்கட்டும், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அந்தப் பேச்சே வராது என்று டாக்டர் சிரித்தார். வழக்கம்போல் குரல் கொடுத்தார். அவள் வந்து நின்றாள்.

"இவங்களையே பாருங்க. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. சிரிச்சுக் காட்டும்மா."

அன்றைக்கு என்ன வந்ததோ, வலியா, வெறுப்பா, இரண்டும்தான். நாற்காலிக்கு மேலிருந்த விளக்கைத் தன் முகத்துக்கு நேராக இழுத்தாள். விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழுசாகச் சிரித்தாள்.

டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். அவ்வளவு வெளிச்சத்தில் பார்க்காமலிருக்க முடியாது.

"எப்போருந்து?" என்றார், குரல் இறங்கி.

"நீங்க காபிக் கறைன்னு சொன்னதுக்கும் முன்னாடியிருந்து."

டீச்சரம்மா கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நாற்காலியை விட்டு இறங்கினார். "முதல்ல நீங்க உக்காருங்கம்மா. நான் வெளிய இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்தாள். புருஷனும் பின்னறையிலிருந்து ஓடி வந்தான். டாக்டர் கொக்கிக் கம்பியால் விளிம்பைத் தொட்ட மாத்திரத்தில் தகடு பெயர்ந்து வந்துவிட்டது. அடியில் பல் பழுப்பேறி, ஒரு பக்கம் குழிந்திருந்தது. வேர் கெட்டியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓரம் குறைவு, அளவு உன்னுடையது என்றார் அண்ணன். அத்தனை வருஷம் வாய் திறக்காத தம்பி, ஒட்டின கை யாருடையது என்று கேட்டுவிட்டான். அவள் தலைக்கு மேலே வார்த்தை தடித்தது. கீழே அவள் வாயைப் பிளந்தபடி கிடந்தாள், உள்ளே அண்ணனின் விரல்.

வாயை மூடினாள்.

டாக்டர் அலறவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். தம்பி பதறிக் குனிந்தான். அவள் நிதானமாக அந்த விரலை விட்டாள்.

"யார் தப்புன்னு அப்புறம் பேசிக்குங்க. பல்லு என்னுது. இப்ப அதைப் பாருங்க."

சொல்லிவிட்டு, விளக்கைத் தானே சரிசெய்துகொண்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.