பக்கத்துக் கட்டில் உளவாளி

அலுவலகத்தில் அவளைத் துப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தில், பொய் சொல்லி நஷ்ட ஈடு கேட்பவர்களைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. எரியாத கடை எரிந்ததாகவும் ஒடியாத கை ஒடிந்ததாகவும் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே முக்கால்வாசி சொல்லிவிடுவாள். தன் முகத்தை மட்டும் யாரும் அப்படிப் பார்த்துவிடாமல் கவனமாக இருந்தாள். வீட்டில் கேட்டால் அலுவலகத்தில் சாப்பிட்டாயிற்று, அலுவலகத்தில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டாயிற்று. இப்படியே வருஷக்கணக்கில் காலம் தள்ளினாள்.

மாட்டிக்கொண்டது ஒரு பொய்க்காரன் வீட்டில். இடுப்பு முறிந்து எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பதாகச் சொன்ன ஒரு பெயிண்டரை விசாரிக்க மாடியேறிப் போனவள், அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். இடுப்பு முறிந்தவன் துள்ளி எழுந்து, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகப் படியிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இரண்டு பேர் குட்டும் ஒரே நேரத்தில் உடைந்தது.

"கனமே இல்லங்க. தலகாணியத் தூக்கின மாதிரி இருந்துச்சு" என்று அவன் டாக்டரிடம் சொன்னபோது, தகவல் கேட்டு ஓடிவந்திருந்த அவள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படுத்துக்கிடந்த துப்புக்கோ அதைக் கேட்டு உள்ளூர ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு அவளுக்குக் குலை நடுங்கியது. சாப்பிடாமலே உடம்பை வற்றவைக்கும் இந்த நோய்க்குத் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் இல்லத்தில் சேரச் சரி என்று சொன்னதும் அந்த நடுக்கத்தில்தான். காரில் ஏறியவுடனேயே மனசு மாறிவிட்டது. ஆனால் அக்கா வீட்டுக்காரர் கதவுகளைப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

டயர் கடைக்கு எதிரே, வெளியிலிருந்து பார்த்தால் யார் வீடோ என்றுதான் தோன்றும் அந்த இல்லம். உள்ளே ஒரு நர்ஸ் அவள் பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, எல்லாருக்கும் இப்படித்தான்."

துப்பு சிரித்துக்கொண்டாள். போகிற வீட்டிலெல்லாம் பீரோவைத் திறக்கும் முன் அவள் சொல்லும் அதே வசனம். இதை நம்ப அவளென்ன நேற்றுப் பிறந்தவளா?

அக்காவும் நர்ஸும் வாசலில் நின்று வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். என்னென்ன போட்டுக்கொடுத்தாளோ!

அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ஒரு பல் டாக்டர். தலை நரைத்தவள், கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். இந்த வயதில் இந்த நோயா என்று துப்புக்கு அப்போதே பொறி தட்டியது. கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் வலுத்தது. சாப்பாட்டு மேஜையில் மற்றவர்கள் ரொட்டித் துண்டை எதிரியைப் போல முறைத்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா முகம் மாறாமல் தட்டைக் காலி செய்தாள். நர்ஸுகளோடு வீட்டு மனுஷி போல வம்பளந்தாள். சாப்பிட்டபின் எல்லோரும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டதை யாரும் போய்க் கக்கிவிடாதபடி அந்த நேரத்தில் கழிவறைக் கதவும் பூட்டியிருக்கும். அப்போதும் இவள் துப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன வேலை பாக்கறே? எப்பலேர்ந்து இப்படி?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள்.

நோயாளி வேஷத்தில் இவர்கள் வைத்த ஆள். துப்பு தீர்மானித்துவிட்டாள். இனி ஆதாரம்தான் வேண்டும். தொழிலில் அவளுக்குப் பழக்கமான வழி ஒன்று இருந்தது: ஒரே ஆளின் காதில் ஒரே ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, அது எந்த வாய் வழியாக வெளியே வருகிறது என்று பார்ப்பது.

"டாக்டரம்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. காலையில குடுத்த ரொட்டிய சாப்பிடல. தலகாணி உறைக்குள்ள வச்சிருக்கேன்."

டாக்டரம்மா "ஏம்மா..." என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

தலையணைக்குள் எதுவும் இல்லை. ரொட்டி துப்புவின் ஸ்வெட்டர் பையில் இருந்தது. பொய்யையும் உண்மையையும் கலந்து வைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

நர்ஸ் வருவாள், உறையை உதறுவாள் என்று காத்திருந்தாள். நர்ஸ் வந்தாள், விரிப்பை மாற்றினாள், தலையணையைத் தொடக்கூட இல்லை. மறுநாளும் அப்படியே. துப்புக்கு ஏமாற்றமாக இருந்தது. பலே கைகாரிகள், பொறி என்று கண்டுபிடித்துவிட்டார்கள்! டாக்டரம்மாவோ இப்போது பேச்சையே குறைத்துவிட்டாள். தட்டின் முன் உட்கார்ந்தால் கரண்டியால் சாப்பாட்டை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மதியம் உருளைக்கிழங்கைத் தொடாமலேயே எழுந்துவிட்டாள்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் துப்புவின் எதிரே நின்றாள்.

"நேராவே கேக்கறேன். நீ இவங்க வச்ச ஆளுதானே?"

"யாரு, நானா?"

"வந்த அன்னிக்கே மூல முடுக்கெல்லாம் கண்ணால அளந்தே. எந்த நர்ஸு எப்ப வருவாங்கன்னு விசாரிச்சே. கேட்டா, பொய்யக் கண்டுபிடிக்கிறதுதான் வேலைன்னு நீயே சொல்றே. நான் போய்ச் சொல்றேனா, மறைக்கிறேனான்னு பாக்கத்தானே அந்த ரொட்டிக் கதை? ரெண்டு நாளா எனக்கு ஒரு வாய் இறங்கல!"

"நான் உங்களத்தான் அப்படி நெனச்சேன். நீங்க பாட்டுக்குச் சாதாரணமா சாப்பிடறீங்க..."

"சாதாரணமாவா?" டாக்டரம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "அடிப் பாவி! நாலாவது தடவையா வந்திருக்கேன் இங்க. ஒவ்வொரு வாய்க்கும் உள்ளுக்குள்ள செத்துப் பொழைக்கிறேன். முகத்தக் காட்டாம இருக்கப் பழகிட்டேன், அவ்வளவுதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. துப்புவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். சிரித்து முடித்தபின் டாக்டரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ரொட்டி நெஜமா, பொய்யா?"

துப்பு ஸ்வெட்டர் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். காய்ந்து வறட்டியாகிவிட்டிருந்தது. டாக்டரம்மாவின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது.

"சோதனை இல்லன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போய்ச் சொல்லியிருப்பேன்மா. போட்டுக்குடுக்க இல்ல. என் மொத தடவையில நானும் இப்படித்தான் ஒளிச்சு வச்சேன், எனக்காக யாரும் போய்ச் சொல்லல. நேரா ஐசியுவுக்குப் போனேன்."

துப்புக்கு ஒரு கணம் இதுவும் நாடகமோ என்று தோன்றியது. அந்த முகத்தைத் தொழில் கண்ணோடு பார்த்தாள். எதுவும் பிடிபடவில்லை. சந்தேகம் முழுசாகப் போகவுமில்லை. ஆனாலும் எழுந்து, ரொட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் அறைக்குப் போனாள்.

நர்ஸ் திட்டவில்லை. ரொட்டியை வாங்கிக் குப்பையில் போட்டாள்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் துப்பு.

"சந்தேகமா இருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"இன்னிக்கு டீ முடிஞ்சதும் கேக்கறதா இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க. ரொட்டிக்குப் பதிலா பால் கலக்கறேன், உக்காருங்க. உங்க ரூம்மேட்டும் மதியம் சரியா சாப்பிடல. கூப்பிடட்டுமா?"

"நானே கூப்பிடறேன்."

இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு தம்ளரோடு உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா நர்ஸையும், பாலையும், இந்த வீட்டைக் கட்டினவனையும் சேர்த்து வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு குடித்தாள். துப்பு அழுதுகொண்டு குடித்தாள். குடித்து முடிக்க வெகுநேரமாயிற்று. முடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பார்க்க வந்தாள். துப்பு அவளைத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார வைத்து, இத்தனை வருஷமாக எப்படியெல்லாம் ஏய்த்தாள் என்பதைத் தானாகவே சொன்னாள். அழுவாள், கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

"பக்கத்துல உக்காந்து ஊட்டிவிட்டேனேடி உனக்கு! என்னையுமா?"

"உன்னையும்தான்."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. துப்பு பின்னாலேயே ஓடவில்லை. உள்ளே சாப்பாட்டு மணியடித்தது. எழுந்துபோய் மேஜையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள், ஆனாலும் வந்தாள்.