வெள்ளை ஜோடி

பாட்டில் வலது கைக்கு வந்தால் ஆண், இடது கைக்கு வந்தால் பெண். ஏழு மாதமாக எக்ஸ்ரேயின் பிழைப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மீன் பண்ணையில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வளர்ந்தும் வளராத ஃபைட்டர் மீனைக்கூட வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். சர்க்கரை நோய் கண்ணுக்குள் புகுந்த பிறகு எல்லா மீனும் புகைக்குள் நீந்தின. வெளியே தெரிந்தால் வேலை போகும்; வேலையோடு பண்ணைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையும் போகும். அதனால் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மீனின் வயிற்றடியில் உப்புக்கல் போல வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் பெண். பார்த்து வலது கையிலோ இடது கையிலோ கொடுப்பது அவள். எக்ஸ்ரே பாட்டிலை உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, தொண்டையைச் செருமிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அந்தச் செருமல் மட்டும்தான் அவருடைய சொந்தச் சரக்கு.

"நான் கண்ணு, நீங்க வாய்," என்று ஒருநாள் சிரித்தாள் அவள்.

"வாய்க்குத்தான்டி சம்பளம்."

"அதான் ஊருக்கே தெரியுமே!"

நேற்று மதியம் முதலாளி அவளைப் பேக்கிங் வேலைக்கு அனுப்பிவிட்டு, ஒரு பாட்டிலை மேசையின் நடுவில் வைத்தார்.

"அண்ணே, பால் வெள்ளை. ஆயிரம் குஞ்சுல ரெண்டே ரெண்டு இப்படி வந்திருக்கு. ஒண்ணு ஆண், முட்டைக்கு நுரைக்கூடே கட்டிடுச்சு. இது மட்டும் பொண்ணா இருந்தா நம்ம காலமே மாறிடும். பார்த்துச் சொல்லுங்க."

எக்ஸ்ரே தூக்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் வெள்ளை, தண்ணீர் வெள்ளை, மீனும் வெள்ளை. அவள் வரட்டும் என்று சொல்ல ஒரு சாக்குத் தேடினார்; அகப்படவில்லை. முதலாளியின் குரலில் இருந்த ஆசை ஒன்றுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

"பொண்ணுதான் முதலாளி. சந்தேகமே வேணாம்."

"நீங்க சொன்னா அப்பீல் ஏது!"

சாயங்காலமே இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு, துணியால் மூடி, தொட்டி அறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார் முதலாளி.

விஷயம் கேட்டதும் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. "வெள்ளை மீன்ல வெள்ளைப் புள்ளி எனக்கே தெரியாதுங்க. டார்ச்சைப் பின்னால பிடிச்சு முட்டைப் பையைத் தேடணும். நீங்க எதைப் பார்த்தீங்க?"

"முப்பது வருஷமா பார்க்கிறவன் நான்."

"ரெண்டும் ஆணா இருந்தா ஒண்ணையொண்ணு கிழிச்சுக் கொன்னுடும். இப்பவே முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிடலாம்."

"என்னன்னு? நான் குருடன்னா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் முதலாளி வந்து பூட்டைத் திறக்கும்போதே போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே நகர்ந்தார். "ஜோடி ரெடி சார். நம்ம எக்ஸ்ரே அண்ணனே பார்த்துச் சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?"

மனைவி துணியை விலக்கும் சரசரப்பு கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"என்னடி? நுரை இருக்கா?"

வலை தண்ணீரில் இறங்கி ஏறியது. டார்ச்சைச் சொடுக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

ஒரு பாட்டில் அவருடைய வலது கைக்கு வந்தது. உள்ளே மீன் விட்டு விட்டுத் துடிப்பது கண்ணாடி வழியே விரலுக்குத் தெரிந்தது. சரி, இது ஆண். எக்ஸ்ரே லேசாக மூச்சுவிட்டு, அடுத்ததற்கு இடது கையை நீட்டினார்.

அவள் முதல் பாட்டிலை அவரிடமிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு இரண்டாவது பாட்டிலை அதே வலது கையில் கொடுத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மூடினாள். அதற்குள் எதுவும் அசையவில்லை.

வெளியே முதலாளியின் போன் சிரிப்பு ஓய்ந்தது. செருப்புச் சத்தம் அறையை நோக்கித் திரும்பியது. எக்ஸ்ரேயின் இடது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.