மச்சானின் பெயர்

லிஃப்ட் சின்னது. மூன்று பெரிய பைகள், கயிறு போட்டுக் கட்டிய தையல் மெஷின், நடுவில் மச்சான். இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது, ஆனால் தோளோடு தோள் இடிக்கும். மனைவியின் அண்ணனோடு அப்படி நிற்கிற வழக்கம் அவர்கள் தீவில் கிடையாது. கராய் ஓர் எட்டு பின்வாங்கி, "நீங்க போங்க மச்சான், நான் படியில வந்துர்றேன்" என்றான். கதவு மூடிக்கொண்டது.

படியேறி வந்தபோது லிஃப்ட் வாசலில் யாரும் இல்லை. இரண்டாம் முறை கதவு திறந்து தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். சுமையோடு ஓர் ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டான். சுமை இல்லாத ஆள் இங்கே யார் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். கீழே இறங்கினான், மறுபடி ஏறினான். சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் லிஃப்ட் அவரை எந்தத் தளத்தில் இறக்கிவிட்டதோ. விமான நிலைய ரயில் எந்த மேடை என்பது மச்சானுக்குத் தெரியாது. இருவரின் டிக்கெட்டும் கராயின் போனில் இருந்தது. மச்சான் தன் போனை, ஆப்பிள் தோட்டத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிற அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

மணி பத்து ஐம்பது. ஊர் திரும்பும் வீலா விமானத்துக்குப் பன்னிரண்டுக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். விசா இன்றோடு முடிகிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அடுத்த அறுவடைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஊரில் இரண்டு வீடு இந்த ஆப்பிள் தோட்டத்தை நம்பி உலை வைக்கிறது.

ஒன்பது மாதம் ஒரே கொட்டகையில் படுத்திருந்தார்கள். மச்சானின் பூட்ஸை அவன் ஒருநாளும் தாண்டியதில்லை. அவர் தரையில் உட்கார்ந்திருக்கும்போது இவன் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வேலை முடிந்து ஆள் கணக்கு எடுக்கும்போது மேஸ்திரி அவர் எங்கே என்று கேட்டால் முகவாயால் காட்டுவான். பைபிளில் அவர் பெயரில் ஒரு புத்தகம் இருக்கிறது. கோயிலில் அதை வாசிக்கும் முறை தனக்கு வந்தால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவான். மச்சான் பெயரை வாய் தவறிச் சொன்னவன் ஊர் கூடிய இடத்தில் ஒரு பன்றியும் பாயும் அபராதமாகக் கொடுக்க வேண்டும். பன்றி போனால் போகிறது. தலையைக் குனிந்துகொண்டு நிற்பதுதான் கஷ்டம்.

விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒலிபெருக்கியில் கூப்பிடலாம், அதற்கென்ன என்றாள்.

"பேரு சொல்லு கண்ணு."

"என் மச்சான்."

"இந்த ஸ்டேஷன்ல இப்ப ஆயிரம் மச்சான் நிக்கிறான். அத்தனை பேரும் இங்க வந்து நின்னா நான் என்ன பண்ண?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். கராய் அடையாளம் சொன்னான்: உயரம், தாடி, சிவப்புத் தொப்பி, தையல் மெஷின். மெஷினை எப்படிக் கூப்பிடுவது என்று அவள் கேட்டாள். எழுதித் தரட்டுமா என்றான். வரிசை நீளமாக இருக்கிறது, சொன்னால் போதும் என்றாள். கை ஏற்கெனவே மைக்கில் இருந்தது.

கராய் திரும்பிப் பார்த்தான். தன் நிறத்தில் யாருமில்லை. கண்ணாடியின் ஓட்டை அருகே குனிந்து, திருட்டுச் சாமான் கைமாற்றுவதுபோல் சொன்னான்.

"ஓசியா டாரி."

மறு நொடி கூரையிலிருந்து அந்தப் பெயர் விழுந்தது. மேடை மேடையாக, சுரங்கப் பாதையில், தின்பண்டக் கடைகளின் மேல், இரண்டு முறை. கராய் காலடி ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆறு நிமிடத்தில் மச்சான் வந்தார். மெஷின் தோளில், ஒரு பை முதுகில், இரண்டு பைகள் தரையில் தேய்ந்துகொண்டு. சட்டை நனைந்திருந்தது. கராய் இரண்டு பைகளை வாங்கிக்கொண்டான். மேடைக்கு நடந்தார்கள். ரயில் வர மூன்று நிமிடம் என்று பலகை காட்டியது.

"நம்மாளுங்க யாரும் இல்ல மச்சான். நல்லாப் பாத்துட்டுதான் சொன்னேன்."

மச்சான் மெஷினை இறக்கி வைத்தார். தோளில் கயிறு பதிந்த இடத்தைத் தேய்த்தார்.

"நான் இருந்தேன்ல."

ரயில் வந்தது. பைகளை ஏற்ற ஒரு பிடியை அவரும் மறுபிடியை இவனும் பிடிக்க வேண்டியிருந்தது; பிடித்தார்கள். நேரம் போதும்போல இருந்தது. எதிரெதிர் இருக்கை வேண்டாம் என்று கராய் நடைவழியின் அந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தான். ரயில் சுரங்கத்துக்குள் போனதும் ஜன்னல் கறுத்து முகம் பார்க்கும் கண்ணாடியானது. அதில் மச்சான், மடியில் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.